சீட்டுக்கு இங்கிலிஷில் என்ன?

இன்று லண்டன் மோர்டனில் லோயரிடம் போனேன். கொழும்பிலிருந்து மனைவியைக் கூப்பிட, எனக்குப் போதிய வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். மொழிபெயர்க்க, என்னோடு வேலை செய்யும் செல்வம் அண்ணை வந்தார்.

பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்த லோயர், போன மாதம் இவ்வளவு காசு எப்படி வந்ததென்று கேட்டார்.

"சீட்டு எடுத்தனான். மாதாமாதம் போடுறனான்."

சீட்டுக்கு இங்கிலிஷ் தேடித் திணறிய அண்ணை, "கார்ட்ஸ்" என்றார்.

லோயர் பேனாவை மூடினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சீட்டில இருக்கிற எல்லாரும் நல்ல ஆக்கள், காசோட ஓடமாட்டினம் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அதையும் சொன்னார்!

நல்லவேளை, மாதாமாதம் ஒரே தொகை போவதை லோயரே கண்டுபிடித்து, "சூதாட்டமெண்டு நினைச்சன், இது சேமிப்பல்லவா!" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: "அடுத்த சீட்டுக்கு இவரையும் சேர்ப்பமோ?"

சேர்க்கலாம். ஆனால் அவருக்குப் போதிய வருமானம் இருக்கிறதென்று யார் காட்டுவது?