சவரிராஜ் வாத்தியார் துப்பாக்கிக்குக் கண்ணாடி பூட்டிய விவரம்

18-8-1948 — ரூ. 4-8-0
29-8-1948 — ரூ. 7-0-0
19-9-1948 — ரூ. 45-0-0
9-10-1948 — ரூ. 3-12-0

முதல் மூன்றும் மூன்று தொலைநோக்கிக் கண்ணாடிகளுக்கு. நாலாவது அரியமுத்து ஆசாரியின் கூலி. கொடுத்தவர் வரதராஜன்பேட்டை சவரிராஜ் வாத்தியார். கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தார். மிச்ச நேரத்தில் இரண்டு ஏக்கரில் கடலை போட்டார். அப்போது வயது ஐம்பத்து மூன்று.

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தேடி வந்த ஒரு துரை, 1947இல் கப்பலேறும் முன் அவரிடம் ஒரு துப்பாக்கியை விற்றுவிட்டுப் போனார். ஐந்து தோட்டா பிடிக்கும். ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை இழுப்பது மட்டும் மனிதன் வேலை. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க லைசென்ஸும் கிடைத்தது.

கோளாறு வாத்தியாரின் கண்ணில். குழல் நுனியிலுள்ள குறிமுள் தெரிந்தால் பன்றி மங்கும். பன்றி தெரிந்தால் குறிமுள் மங்கும். ஆகஸ்ட் முதல் வாரம் பன்றிக்கு வைத்த குண்டு, பக்கத்துக் கொல்லை தங்கசாமியின் கஞ்சிப் பானையை உடைத்தது. தங்கசாமி மனு எழுதிப் போட்டார். அக்டோபர் 13 காலை தாசில்தார் நேரில் வருவார், எண்பது கஜத்தில் குறி தவறாமல் சுட்டுக் காட்டவேண்டும், முடியாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. துப்பாக்கி போனால் அந்த வருஷத்துக் கடலை முழுவதும் பன்றிக்குத்தான்.

கண்ணாடி வைத்தால் குறிமுள்ளே வேண்டாம் என்று கேள்விப்பட்டு வாத்தியார் தேட ஆரம்பித்தார். முதல் கண்ணாடி அரியலூரில் ஒரு பழைய சர்வேயரிடம் வாங்கியது. வீட்டுக்காரி மதலேனம்மாள் அதில் பார்த்தாள்.

"ஏங்க, தங்கசாமி ஆகாசத்துல கால வச்சு நடக்குறாரு!"

"நிலம் அளக்குற கண்ணாடி தலைகீழாத்தான் காட்டும். பழகிட்டா சரியாயிடும்."

"பன்னியும் பழகிக்குமா?"

இரண்டாவது, இரட்டைக் குழல் கண்ணாடி ஒன்றில் உடைந்து மிஞ்சிய பாதி. அதில் கண்ணை ஒட்டி வைத்தால்தான் உருவம் தெரியும். துப்பாக்கியில் கயிற்றால் கட்டி ஒரே ஒரு தோட்டா சுட்டார். துப்பாக்கி பின்னுக்கு உதைத்ததில் வலது கண்ணைச் சுற்றி வட்டமாகக் கருத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த மதலேனம்மாளுக்குக் கோபம் தாங்கவில்லை.

"சாமியாரு பிரசங்கத்துல பொறுமையப் பத்திச் சொல்றாரு, மொத்தக் கோவிலும் என்னத் திரும்பிப் பாக்குது. நான் அடிச்சேன்னு நெனச்சுட்டாங்க!"

மூன்றாவதைத் திருச்சியில் பட்டாளத்துச் சாமான் விற்கும் கடையில் எடுத்தார். உள்ளே குறுக்குக் கோடு உண்டு. நாலு விரல் தள்ளியே கண்ணை வைக்கலாம். உருவமும் நேராகத் தெரிந்தது.

பூட்ட வந்த அரியமுத்து ஆசாரி, கண்ணாடியைத் துப்பாக்கியின் உச்சியில் வைக்கவேண்டும் என்றார்.

"ஆசாரி, தோட்டா போடுற வாய் மேலதான் இருக்கு. சுட்ட உறை துள்ளி வர்றதும் அதே வாய்தான். அங்க வச்சா வாயப் பொத்திட்டுச் சோறு ஊட்டுற மாதிரி."

"அப்ப இடுப்புலதானுங்க கட்டணும்."

இடது பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து, நாலு திருகாணி போட்டு, அதில் கண்ணாடியைப் பூட்டினார். எஃகில் துளை போட்டதில் இரண்டு துளைக்கம்பி முறிந்தது. அக்டோபர் 9ஆம் தேதி பனைமரத்தைக் குறிவைத்து ஒன்பது தோட்டா சுட்டுக் கண்ணாடியைச் சரிபார்த்தார்கள். கடைசி நாலும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஒரு திருகாணி மட்டும் தளர்ந்தது. லைசென்ஸ்படி துப்பாக்கி வேறொருவர் கைக்குப் போகக்கூடாது என்பதால், உளியால் அடையாளக் கோடு போட்டுவிட்டு, தகட்டோடு கண்ணாடியை மட்டும் ஆசாரி கழற்றிக்கொண்டு போனார். 11ஆம் தேதி ஆயுத பூஜை. 12ஆம் தேதி சாயங்காலம் கொண்டுவந்து, கோட்டுக்குக் கோடு பொருத்தி முடுக்கினார். இரண்டு முனையிலும் தோல்மூடி போட்டபடியே இருந்தது.

13ஆம் தேதி, புதன்கிழமை. பனையில் சுண்ணாம்பு வட்டம். தாசில்தார், குமாஸ்தா, மனுக் கொடுத்த தங்கசாமி, பாதி ஊர். வாத்தியார் மண்டியிட்டு, தோல்மூடிகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். பனையைக் காணோம். எல்லாம் செம்மண் புழுதியாக இருந்தது. கண்ணைக் கசக்கினார். மறுபடியும் புழுதி.

துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு அதைத் தரையில் வைத்தார்.

"ஐயா, என் கண்ணு போயிடுச்சுங்க. பனைமரமே தெரியல. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார். மதலேனம்மாள் அழ ஆரம்பித்தாள். துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கக் குனிந்த தங்கசாமி, குனிந்தபடியே சிரிக்கத் தொடங்கினார்.

"வாத்தியாரே, உங்க கண்ணு எங்கயும் போகல. கண்ணாடி நெத்தியில பொட்டு வச்சிருக்கு!"

முன்பக்கக் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். எல்லோரும் ஆசாரியைப் பார்த்தார்கள்.

"பட்டறையில இருக்குற எல்லாத்துக்கும்தானே வச்சேன்? சுத்தியலுக்கு வச்சேன், துருத்திக்கு வச்சேன். இதுக்கு முகம் அந்தப் பக்கம்தானேங்க?"

மதலேனம்மாள் முந்தானையை நனைத்துத் துடைத்தாள். "கண்ண மூடுன்னு சொல்லாம நான் முகம் கழுவிவிட்ட பிள்ள இது ஒண்ணுதான்" என்றாள். வாத்தியார் ஐந்து தோட்டா சுட்டார். நாலு வட்டத்துக்குள். ஐந்தாவது வட்டத்தின் ஓரம்.

ஆனால் "கண் போய்விட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்குமூலம் குமாஸ்தாவின் தாளில் ஏறிவிட்டது. எழுதியதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை, மேலே கேட்டு எழுதுகிறேன் என்று தாசில்தார் துப்பாக்கியையும் கொண்டுபோனார். வாத்தியார் மூன்று விண்ணப்பம் போட்டார். ஒன்றில் தங்கசாமியே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவர் கடலையிலும் பன்றி இறங்கியிருந்தது. முதல் இரண்டுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில்.

மூன்றாவது பதிலில் துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன், கண்ணாடி சுத்தமாக இருப்பதை ஒருவர் துப்பாக்கியின் முன்னால் நின்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

வாத்தியார் படித்துவிட்டு வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க" என்றாள் மதலேனம்மாள். "தங்கசாமியக் கூப்பிடுங்க."

"ஒடஞ்சது பானையோட போகட்டும்மா" என்று வேலிக்கு அப்பாலிருந்து தங்கசாமியின் குரல் வந்தது.

பன்றி தின்றதுபோகக் கடலையில் முக்கால் பங்கு மிஞ்சியிருந்தது. அந்தக் கடிதம் வந்து சேர்ந்த தேதி 27-11-1948, சனிக்கிழமை.