டிரைவரோடு பேசவும்

1. முதல் நாளே நிறுத்தினேன்

ஜமுனாமரத்தூரிலிருந்து காலை டிரிப்பை எடுத்துக்கொண்டு இறங்கிய முதல் நாளே, பாதி மலையில் பஸ்ஸை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் என் கண்ணில்தான். ஒரு ஹேர்பின் வளைவைத் திரும்பி முடித்த பிறகு, எப்படித் திரும்பினேன் என்றே எனக்கு நினைவில்லை. மலைப் பாதையில் ஒரு டிரைவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

கண்டக்டர் மாணிக்கம் முன்னால் ஓடி வந்தான். "இன்னாண்ணே, பஞ்சரா?"

"தூக்கம்பா. மூஞ்சி கழுவிக்கினு வர்றேன். கொஞ்ச நேரம் ஆவும்."

வண்டி நிறையச் சந்தைக்குப் போகிறவர்கள். மேலே பலாப்பழம், உள்ளே சாமை மூட்டை. அவர்களில் பலாப்பழம் விற்கும் காளியம்மாவுக்குத்தான் குரல் பெரிது.

"காலங்காத்தால தூங்கற டிரைவர இப்பத்தான் பாக்கறேன். ராத்திரி இன்னா பண்ண தம்பி?"

"முழிச்சிக்கினு இருந்தேன்கா."

"யாருக்குக் காவலு?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது உண்மை. அதற்கு முன் எட்டு வருஷம் மெட்ராஸ் நைட் சர்வீஸ் ஓட்டியவன் நான். ராத்திரி பூரா ஸ்டியரிங், பகல் பூரா தூக்கம். சந்தவாசலில் என் வீட்டு ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கும். "அப்பா தூங்கறாரு, மெதுவா பேசு" என்று கேட்டுக் கேட்டே என் மகள் செல்வி வளர்ந்தாள். அதனால் நான் விழித்திருக்கும்போதும் காதருகே வந்து கிசுகிசுவென்றுதான் பேசுவாள். ஐந்து வயதுப் பிள்ளையின் முழுக் குரல் எப்படியிருக்கும் என்று பெற்ற அப்பனுக்குத் தெரியாது. ஒரு நாள் என் எதிரே உட்கார்ந்து, "அப்பா, நீ எப்ப முழிப்ப?" என்று கிசுகிசுத்தாள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாளே கம்பெனி மேனேஜரிடம் போய் மலை லைனைக் கேட்டு வாங்கினேன். சாயங்காலம் போளூரிலிருந்து வண்டியை ஏற்றி, மேலே நைட் ஹால்ட், காலையில் இறக்கம். மதியம் வண்டியை அடுத்த டிரைவரிடம் விட்டுவிட்டால் மறுநாள் சாயங்காலம் வரை வீடு. ராத்திரி தூங்கிப் பகலில் விழிக்கிற மனுஷ வேலை. வேலை மாறியது. உடம்பு மாறவில்லை.

2. பேச்சு சீட்டு

கண் கனத்தால் நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் நிறுத்தினால் சந்தைக்குப் போகிறவன் என்ன செய்வான்? கீழே அவர்கள் பிடிக்க வேண்டிய அடுத்த பஸ் காத்திருக்குமா?

மலைக்காரர்கள் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவர் மலை இறங்கும் வரை வாய் ஓயாமல் பேச வேண்டும். இந்த இறக்கத்துக்கு ஒருவர், அடுத்ததற்கு இன்னொருவர் என்று முறை வேறு. என் தலைக்கு மேலே "டிரைவரோடு பேசாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் பெயிண்ட் அடித்திருந்தது. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருவர் தன்னைக் கரடி துரத்திய கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கரடி கொஞ்சம் வளர்ந்திருக்கும். காளியம்மா முறை வந்தால் மூன்று மருமகன்களையும் வளைவுக்கு ஒருவராகத் திட்டிக்கொண்டே வருவார். நான் அவர்களைப் பார்த்ததே இல்லை. வழியில் எதிர்ப்பட்டிருந்தால் முறைத்திருப்பேன்.

இன்னொரு உபகாரமும் செய்தார்கள். சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்ததும் டீக்கடையில் எனக்கு ஸ்ட்ராங் டீ. காலையில் டிரைவருக்குத் தூக்கம் வரக்கூடாதே என்ற அக்கறை. ஆளுக்கொரு கிளாஸ் நீட்டினால் யாருடையதை மறுப்பது? குடித்துவிட்டு பஸ் சீட்டில் படுப்பேன். மாணிக்கத்தின் குறட்டை ஏறி இறங்கும். நான் கூரையில் இருக்கும் ரிவெட் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

3. மேனேஜர் ஏறினார்

வண்டி லேட்டாகிறது என்று கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. ஒரு நாள் காலை மேனேஜரே ஜமுனாமரத்தூரில் வந்து ஏறினார். அன்று பேச்சு சீட்டில் காளியம்மா. இரண்டாவது மருமகன் வரை பொறுத்துப் பார்த்தார் மேனேஜர்.

"ஏம்மா, மேல போர்டுல இன்னா போட்டுக்கீது?"

"எனக்கின்னா தெரியும் சாமி? நான் இஸ்கோலுக்கா போனேன்?"

"டிரைவரோட பேசக்கூடாதுன்னு போட்டுக்கீது."

"அத எழுதினவரு இந்த டிரைவரப் பாத்திருக்க மாட்டாரு. நான் வாய மூடினா இவரு கண்ண மூடுவாரு. மூடட்டுமா?"

மேனேஜர் ஜன்னல் வழியாகப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "நீ பேசும்மா" என்றார்.

கீழே வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "ஏழுமல, அந்தப் பள்ளத்த நானே பாத்துட்டேன்யா. இந்த மாசம் பாக்கறேன். நிறுத்தாம, டைமுக்கு வண்டி எறங்கலேன்னா பழையபடி நைட் சர்வீஸ்தான். அங்க நீ ராஜா."

ராஜாவுக்கு அழுகை வந்தது. மறுபடியும் ஜன்னலுக்குப் போர்வை, மறுபடியும் கிசுகிசுப்பு.

அதே பஸ்ஸில் மலை ஆஸ்பத்திரியின் லேடி டாக்டரும் வந்திருந்தார். சின்ன வயசு. இறங்கிப் போனவர் திரும்பி வந்தார்.

"டிரைவர், சாயங்காலம் எத்தனை டீ குடிப்பீங்க?"

"வேணாம்னாலும் நாலு கிளாஸ் வந்துரும்மா."

"மதியம் வீட்டுக்குப் போய்?"

"போர்வை கட்டிட்டுத் தூங்குவேன்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப உங்க உடம்பு இன்னும் மெட்ராஸ் பஸ்ஸையே ஓட்டிட்டு இருக்கு."

பிறகு விளக்கினார். மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். எப்போது உடம்பு சூடாகி விழிக்க வேண்டும், எப்போது தணிந்து தூங்க வேண்டும் என்று அதுதான் சொல்லுமாம். அதற்குச் சாவி கொடுப்பது கண்ணில் படும் வெளிச்சம். நான் பகலைப் போர்வையால் மூடி, ராத்திரியை டீயால் திறந்து வைத்திருந்தேன். கடிகாரம் பாவம், என்ன செய்யும்?

"ஒரே நாள்ல திரும்பாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் நகரும். விடிஞ்சதும் வெளிச்சத்துல நில்லுங்க. பகல்ல படுக்காதீங்க. மதியத்துக்கு மேல டீ கூடாது. வீட்ல இருக்கற நாள்லயும் அதே நேரத்துக்கு எழுந்திரிங்க. ஆனா கண்ணு கனத்தா வண்டிய நிறுத்துறீங்க பாருங்க, அத மட்டும் விட்டுராதீங்க."

பக்கத்தில் கூடையோடு நின்ற காளியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே! டீ வாங்கிக் குடுத்து நாங்கதான் இவரக் கெடுத்தமா?"

4. காலைப் பசி

அடுத்த முறை நான் மேலே போனபோது டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கிளாஸை ஒளித்தார். "உனக்குக் குடுத்தா கடைப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்களாம். காளியம்மா சொல்லிட்டுப் போய்ட்டாங்க." இருட்டுவதற்குள் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து களி வந்துவிடும். சாப்பிட்டால் ஊரோடு படுக்க வேண்டும்.

வீட்டில் என் மனைவி சரோஜா போர்வையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டாள். அப்பா பகலில் கண்ணை மூடினால் எழுப்பும் பொறுப்பு செல்விக்கு. அவளோ காதருகே வந்து, "அப்பா, எழுந்திரு" என்று கிசுகிசுப்பாள். தாலாட்டு மாதிரி இருக்கும், இன்னும் சுகமாகத் தூக்கம் வரும். கடைசியில் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து குதித்தாள். அது பலித்தது.

முதல் சில நாள் நரகம். தலை பாறையாய்க் கனத்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மாணிக்கத்தின் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு, மலை அடங்கும் நேரத்தில் எனக்கும் கொட்டாவி வந்தது. இறக்கத்தில் நிறுத்துவது குறைந்தது. மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்றிருந்தபோது ஒரு நாள் காலை தானாக விழிப்பு வந்தது. யாரும் எழுப்பவில்லை. மாணிக்கம் குறட்டையில் இருந்தான். வெளியே பனி மூட்டம். கீழே இறங்கி நின்றதும் வயிற்றில் ஏதோ செய்தது. என்னவென்று யோசித்தால், பசி! காலையில் பசிக்கும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன். அங்கேயே சத்தம் போட்டுச் சிரித்தேன். மாணிக்கம் பதறி எழுந்து, "இன்னாண்ணே ஆச்சு?" என்றான்.

அன்று ஒரு வளைவிலும் நிறுத்தவில்லை. டைமுக்கு முன்னாலேயே மலை இறங்கிவிட்டோம். காளியம்மாவுக்கு மட்டும் மனக்குறை. "மூணாவது மருமவன் கத பாதில நிக்குது. நீ பாட்டுக்கு எறங்கிட்டியே தம்பி."

மேனேஜர் அதற்குப் பிறகு நைட் சர்வீஸ் பேச்சே எடுக்கவில்லை.

5. யார் வீட்டுத் தொண்டை

இளம் டிரைவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தூக்கத்தை வீம்பால் ஜெயித்தவன் எவனும் இல்லை. வந்தால் நிறுத்து. டியூட்டி மாறினால், உள்ளேயிருக்கும் கடிகாரம் திரும்ப நாள் கொடு, வெளிச்சம் கொடு. நான் ஓய்வு பெற்ற பின்னும் அது என்னை விடியலுக்கு முன்பே தட்டி எழுப்புகிறது. சரோஜாவுக்குத்தான் தொந்தரவு.

மலை லைனுக்கு வந்த அந்த வருஷப் பள்ளி விடுமுறையில் செல்வியை மலைக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் காலை இறக்கத்தில் காளியம்மா பேச்சு சீட்டை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். முதல் வளைவு வரை ஜன்னல் வழியாகக் குரங்குகளை வேடிக்கை பார்த்தாள். பிறகு என் காதருகே சூடாக ஒரு மூச்சு.

"அப்பா, முழிச்சிருக்கியா? பேசலாமா?"

"நல்லா முழிச்சிருக்கேன்டா. கத்தியே பேசு."

கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். குரங்கு, பள்ளம், அவள் டீச்சர், பக்கத்து வீட்டு ஆடு, எல்லாம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே வந்தன. செகண்ட் கியரில் வண்டி முனகுவதுகூடக் கேட்கவில்லை. மலை இறங்கி முடியும் வரை அவள் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து காளியம்மா காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"யப்பா! யாரு வூட்டுத் தொண்டடா இது?"

"என் வூடுதான்கா!" என்று நானும் கத்தினேன்.