மூக்குத்தண்டைப் பார்த்துப் பேசியவள்

ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். அண்ணன் மகனுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைக் கடிப்பான். தங்கை மகளுக்குக் கோபம் வந்தால் தன் சட்டைக் கையைத் தானே கடிப்பாள். அடுத்தவரைக் கடித்தவனுக்குக் குடும்பம் வைத்த பேர் சிங்கக்குட்டி. தன்னைத்தானே கடித்துக்கொண்டவளுக்கு வைத்த பேர் எலி. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இந்தக் குடும்பத்தில் அதற்கு மருமகளாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பெண்ணாகப் பிறந்தாலே போதும்.

எலியைப் பெற்றவளுக்கும் ஒரு பேர் உண்டு, காத்தாடி. அவளுடைய சித்தி வைத்தது. சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த கடைசித் தங்கை. குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் பல் விழுந்தது, யார் யாரோடு எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்பது வரைக்கும் சித்திக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்தவருக்கு வலித்தது மட்டும் ஞாபகத்தில் நிற்காது.

காத்தாடி சின்ன வயதில் செய்த குற்றம் என்னவென்று கேளுங்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போவாள். கொடிக்கயிறு தொய்ந்திருப்பது கண்ணில் படும். இழுத்துக் கட்டுவதற்கு ஆணி தேடிப் பெட்டியைத் திறப்பாள். ஆணிக்குப் பக்கத்தில் பழைய பொத்தான்கள் கிடக்கும். அவற்றை நிறம் நிறமாகப் பிரிக்கத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். பால் பொங்கி, பாத்திரம் கருகி, அம்மா கரண்டியோடு வந்து முதுகில் ஒன்று வைக்கும்போதுதான் பால் என்று ஒன்று இருந்தது அவளுக்கு நினைவு வரும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சட்டைக் கழுத்தில் கடைக்காரன் பேர் போட்டுத் தைத்திருப்பானே ஒரு சின்னத் துணி, அது அவளுக்கு முள்ளாகக் குத்தும். பக்கத்து அறையில் தட்டு விழுந்தால் இவள் இங்கே காதைப் பொத்திக்கொள்வாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் காலைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். "கண்ணப் பாத்துப் பேசு" என்று அப்பா மோவாயைப் பிடித்து நிமிர்த்துவார். நிமிர்த்திய கை சில நாள் கன்னத்துக்கும் ஏறும். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்காதவர்கள் அந்த வீட்டில் கிடையாது. பதில் வேண்டும் என்று கேட்டவர்தான் ஒருவரும் இல்லை.

அம்மா இறந்த அன்று நல்ல மழை. வந்தவர்கள் குடைகளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதார்கள். காத்தாடிக்கு அழுகை வரவில்லை. உள்ளே இருந்த சத்தம் தாங்காமல் வாசலுக்கு வந்தவள், ஒவ்வொரு குடையாக உதறி, மடக்கி, பெரியது முதல் சிறியது வரை சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் அவளுக்கு மூச்சு வந்தது. சித்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள், "பெத்தவ போயிட்டா, இவ குடைக்கடை போட்டிருக்கா."

அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எந்த வீட்டு விருந்திலும் குறைவில்லாமல் பரிமாறப்பட்டது. அம்மா போன பிறகு மாதக்கணக்கில் காத்தாடிக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் யாரும் பரிமாறவில்லை.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது தற்செயலாக நடந்ததுதான். வருகிறவர் முகத்தில் சட்டத்தை மாட்டி, அது மூக்குத்தண்டில் சரியாக உட்காருகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளி ரசீது எழுதும் வேலையையும் கொடுத்துப் பார்த்தார். ரசீதை ஒரு இடத்திலும் பேனாவை ஒரு இடத்திலும் வைத்துவிட்டு, கண்ணாடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள் என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சட்டம் மாட்டுவதோடு விட்டார்.

ஒருநாள், கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாள் முதலாளியிடம், இந்தப் பெண் எவ்வளவு அன்பாகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். காத்தாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அந்த அம்மாளின் கண்ணை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. மூக்குத்தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பிறகு அவள் எல்லோருடைய மூக்குத்தண்டையும் பார்த்தாள். சிரிப்பை அண்ணியிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அண்ணிக்கு எதிராளி பேச்சை முடிக்குமுன் உதடு விரியும், அதை அப்படியே பிடித்தாள். எதிராளி மூச்சு வாங்கும் இடத்தில் "அப்படியா" போடுவதை முதலாளியிடம் கற்றாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தேறுதல் வந்துவிட்டது, காத்தாடி ஒரு வழியாகப் பெண்ணாகிவிட்டாள் என்று குடும்பம் பேசிக்கொண்டது. மாலை வீட்டுக்கு வந்ததும் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தரையில் அவள் கட்டையாகக் கிடப்பது கட்டினவருக்கு மட்டும் தெரியும். டயர் கடைக்காரர் அவர். அதிகம் பேச மாட்டார். என்னைப் பார்த்துப் பேசு என்று அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அந்தக் குடித்தனம் நிலைத்ததற்கு அது ஒன்றே போதும்.

மகள் பிறந்தாள். நடக்கத் தொடங்கிய வயதிலேயே காத்தாடிக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக் கழுத்தைப் பிய்த்துக்கொண்டு அழுவது, மிக்ஸி போட்டால் கட்டிலுக்கடியில் ஓடுவது, யார் கூப்பிட்டாலும் அவர்கள் காலைப் பார்ப்பது. எல்லாம் அவள் தானே பட்டது. இந்தப் பிள்ளை மோவாயை ஒருவரும் நிமிர்த்தக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள். கடையில் கண்ணாடி மாட்டிக் காட்டும் பொம்மைத் தலை ஒன்று காது உடைந்து மூலையில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

"இங்க பாரு. கண்ணுக்கு நடுவுல, மூக்கு ஆரம்பிக்குற எடம். அத மட்டும் பாரு. யாருக்கும் தெரியாது."

மகள் பொம்மைத் தலையோடு பேசிப் பேசிப் பழகினாள். எப்போது சிரிப்பது, எப்போது "அப்படியா" சொல்வது, கை நடுங்கினால் எங்கே ஒளிப்பது, எல்லாம் கற்றாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாய்ந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கமான பெண் என்றார்கள். அந்தத் தங்கம் வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்து சட்டைக் கையைக் கந்தலாகும் வரைக் கடிக்கும்.

பதினொரு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடக் கதவருகே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கால் நகரவில்லை. மறுநாளும் அதேதான். பிறகு இடுக்கை விட்டு வெளியே வருவதே நின்றது. வராத பிள்ளைக்கு எத்தனை நாள் இடத்தைப் பிடித்து வைப்பது, விடுமுறை முடிந்தும் வரவில்லையென்றால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பினாள். இது திமிர், இரண்டு வைத்தால் சரியாகும் என்று சித்தி தன் பங்குக்குச் சொல்லி அனுப்பினாள்.

அண்ணன் மகன் கதை வேறு. அவன் வகுப்பில் மேசையைக் கவிழ்த்தான். உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பையனுக்கு ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி, அவன் வேண்டுமென்று செய்வதில்லை, மூளை அமைந்திருக்கும் விதம் அப்படி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையனுக்கு முன்வரிசை கிடைத்தது. பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைத்தது. முக்கியமாக, வீட்டில் அடி நின்றது. அண்ணி வந்து, டாக்டர் என்னென்ன கேட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தம் ஆகாதா, துணி உறுத்துமா, தொடங்கின வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவுவானா, சாமான்களை வரிசையாக அடுக்குவானா?

"அடுக்குவானான்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. அவன் அத்தை எழவு வீட்டுல குடையையே அடுக்குனவளாச்சேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அண்ணி சிரித்தாள். காத்தாடி அன்றைக்கு அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை. ஒன்றையே அவன் செய்தால் நோவு, இவள் செய்தால் வேடிக்கை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. என் மகளையும் அந்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். அண்ணன் குறுக்கே வந்தார். ஆண் பிள்ளை சங்கதி வேறு, பெண் பிள்ளைமேல் இப்படி ஒரு பேரை ஒட்டினால் நாளைக்கு எவன் கட்டுவான் என்றார். அவள் எவனுக்கும் கேட்கவில்லை, மகளுக்குத்தான் கேட்டாள். அண்ணி மனது கேளாமல், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நாள் வாங்கிக் கொடுத்தாள். அந்த மட்டுக்கும் அண்ணிக்கு நல்ல மனசு.

டாக்டரம்மா அறையில் வெள்ளைச் சுவர், தலைக்குமேல் ரீங்காரம் போடும் குழல்விளக்கு, வட்ட மேசை. மகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். சரியான இடத்தில் சிரித்தாள், சரியான இடத்தில் "அப்படியா" போட்டாள். உனக்குத் தோழிகள் உண்டா என்றால் உண்டு என்றாள். டாக்டரம்மாவின் முகமே மலர்ந்துவிட்டது.

பயப்படும்படி ஒன்றுமில்லை, பிள்ளை நன்றாகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது, வளரும் வயதில் சில பெண்களுக்கு இப்படி ஒரு பயம் வரும், பேசித் தைரியம் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா பேனாவை மூடினாள். அண்ணி நிம்மதியாக மூச்சுவிட்டு, நான் அப்போதே சொன்னேன் அல்லவா என்று எழுந்தாள்.

காத்தாடி எழவில்லை. மகளைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அண்ணியுடையது. அந்த "அப்படியா" முதலாளியுடையது. அடி விழக் கூடாதென்று அவள் ஆசை ஆசையாகச் செய்து போட்ட கவசம், வைத்தியத்தையும் உள்ளே விடாமல் நின்றது.

"நீங்க பாத்தது என் மகள இல்லைங்க" என்றாள். "நான் செஞ்சு குடுத்தத."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணி இடுப்பில் இடித்தாள். காத்தாடி அதை லட்சியம் செய்யாமல், பார்வையை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக் கடை, மூக்குத்தண்டு, காது உடைந்த பொம்மைத் தலை, பீரோ இடுக்கு, ஈரத்துண்டு. கருகிய பாலைச் சொன்னாள். குடைகளைச் சொன்னபோது அண்ணி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு மகள் பக்கம் குனிந்தாள். "போதும்மா. எறக்கி வச்சிடு."

மகள் நம்பவில்லை. "இவங்க முன்னாடியேவா?"

"இவங்க முன்னாடிதான்."

மகளின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லக் கழன்றது. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள், பற்கள் பட்ட இடமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சறுக்கி மேசைக்கடியில் போய், காதைப் பொத்தி உட்கார்ந்துகொண்டாள். "லைட்டு கத்துது" என்று அங்கிருந்து குரல் வந்தது. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் சொந்தமாகச் சொன்ன முதல் பேச்சு அது.

டாக்டரம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, மூடிய பேனாவைத் திறந்தபடி காத்தாடியிடம் கேட்டாள், "உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லைங்க. அடிதான்."

இந்த நோக்காடுகளைப் பற்றி எழுதினவர்கள் நெடுங்காலம் பையன்களையே பார்த்து எழுதிவிட்டார்கள், பெண்கள் உள்ளுக்குள்ளேயே மூடிக்கொண்டு போவதால் தவறிப்போகிறது, இன்று நானும் தவறவிடப் பார்த்தேன் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். இன்னும் சில தடவை வரச் சொன்னாள். கடைசியில் மகளுக்கு ஆட்டிசம் என்று பள்ளிக்குக் கடிதம் கொடுத்தாள். அம்மாவுக்கும் அதுவே, கூட ஏடிஎச்டியும் சேர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது, பெரியவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள்.

அண்ணி, பார்த்தாயா, உனக்கும் ஒரு பேர் கிடைத்துவிட்டது, இனி மனது ஆறிப்போகும் என்றாள். ஆறவில்லை. எப்படி ஆறும்? காரணம் தெரியாமல் வாங்கிய அடியாவது விதி என்று கிடந்தது. காரணம் ஒன்று இருந்தது, கேட்க ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு அடியும் புதிதாக வலித்தது. "அண்ணி" என்றாள் அவள், பேருந்தில் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு. "இனிமே குடைக் கதைய என் முன்னாடி யாரும் எடுக்கக் கூடாது. சித்திகிட்டயும் சொல்லிடுங்க."

"அத என் முகத்தப் பாத்துச் சொல்லேன்."

"முடியாது அண்ணி. பாக்காமலே சொல்றேன். இதுதான் நெசமா சொல்றது."

விடுமுறை முடிந்த அன்று தலைமை ஆசிரியையின் அறைக்கு அம்மாவும் மகளும் போனார்கள். கடிதத்தைப் படித்தவள் அதை மடித்து ஓரமாக வைத்தாள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தாயிற்று, இவள் என் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"என் கண்ணப் பாத்துச் சொல்லு. ஒழுங்கா வருவியா, மாட்டியா?"

மகளின் தலை, பழகின பழக்கத்தில், மூக்குத்தண்டைத் தேடி மெல்ல நிமிர்ந்தது. காத்தாடி அவள் தோளில் கை வைத்தாள்.

"பாக்க மாட்டா மேடம். அவ காதாலதான் கேக்குறா. கேட்டதுக்குப் பதில் வரும், கொஞ்சம் இருங்க."

தலைமை ஆசிரியைக்கு முகம் சிவந்தது. எந்த அம்மாவும் அந்த அறையில் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. காத்தாடி சிரித்து அதை மழுப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மகள் குனிந்து, மேசைமேல் இருந்த உலக உருண்டையை விரலால் மெதுவாகச் சுற்றினாள். அது சுற்றி நின்றது.

"சுவரோரமா எடம் குடுத்தா வரேன்" என்றாள் மகள், உருண்டையிடம்.

தலைமை ஆசிரியை ஓரமாக வைத்த கடிதத்தை எடுத்து, முதலிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.