சுவருக்கு வெளியே ஏழு சரணம்

மணியம்மாளைப் போல ஜெபம் பண்ணுகிற மனுஷியைத் திருவண்ணாமலையில் பார்க்கவே முடியாது என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு முக்காடு போட்டு முழங்கால் போடுவார். உதடு மட்டும் அசையும், சத்தமே வராது. அந்த உதடு என்ன சொன்னது என்று பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

"ஆண்டவரே, இருசப்பன் வாயடைச்சி நிக்கிறத என் கண்ணால பாக்கணும்."

எட்டு வருஷமாக இதே ஜெபம்தான்.

இருசப்பன் அந்தச் சின்ன ஓட்டு ஜெபவீட்டின் மூப்பர். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் மூப்பர் வைத்ததுதான் சட்டம். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்தும் ஊர் இவர்களைப் பழைய பெயரில்தான் கூப்பிட்டது.

எழுபத்தாறாம் வருஷத் தீபத்தன்று மணியம்மாளின் கணவர் கருப்பன் கூலிக்குத் தண்ணீர் சுமந்து மலையேறினார். மேலே யாரோ பிரியமாக நெற்றியில் விபூதி பூசிவிட்டார்கள். களைப்பில் துடைக்க மறந்து இறங்கியவர் தேரடித் தெருவில் மூப்பர் கண்ணில் பட்டார். அடுத்த மாதமே காய்ச்சலில் கருப்பன் இறந்துபோக, விபூதி பூசினவனுக்கு மணி அடிக்கக் கூடாது, பாட்டுக் கூடாது, கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் கிடையாது என்று மூப்பர் சொல்லிவிட்டார். சுவருக்கு வெளியே, வேலிக்காத்தான் புதர் ஓரமாகக் குழி வெட்டினார்கள். மணியம்மாள் பாட வாயெடுத்தார்.

"பாடினா உனக்கும் சபையில எடம் இல்லம்மா" என்றார் இருசப்பன்.

அன்றைக்கு அந்தப் பாட்டை விழுங்கியவர் சபையை விட்டுப் போகவில்லை. போனால் எப்படிப் பழி தீர்ப்பது? அங்கே ஆர்மோனியம் கிடையாது, எழுத்துத் தெரிந்தவர்களும் கம்மி. பாட்டு எண்ணைச் சொன்னதும் மணியம்மாள்தான் முதல் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் எடுக்கிற உயரம்தான் எல்லோருக்கும் உயரம். அந்த ஒன்றுதான் அவர் கையில் இருந்த கத்தி.

எண்பத்து நான்கில் மூப்பரின் மனைவி தனம் இறந்தார். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த மணியம்மாளைத் தேடி இருசப்பனே கடலை மண்டிக்கு வந்தார். மணியம்மாள் பாட்டெடுத்துத்தான் தன்னை அனுப்ப வேண்டும் என்று தனம் கேட்டுக்கொண்டாளாம். தனம் தங்கமானவள், அதில் மணியம்மாளுக்குச் சந்தேகம் இல்லை. வருகிறேன் என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் நடுப்பகல் வெயில். மணியம்மாள் முதல் வரியை எடுத்தார், அடிவயிற்றிலிருந்து, எட்ட முடியாத உயரத்தில். ஆண்கள் பாதி வரியிலேயே நின்றார்கள். பெண்கள் அடுத்த வரியில். இருசப்பன் மட்டும் முயன்றார். குரல் உடைந்து இருமல் வந்தது. சுருதி தவறிவிட்டது என்று நினைத்து யாரோ இறக்கி எடுக்கச் சொன்னார்கள். மணியம்மாள் இன்னும் ஒரு படி ஏற்றி எடுத்தார்.

பெட்டிக்கு முன்னால் அத்தனை பேரும் ஊமையாக நின்றார்கள். இருசப்பன் மெதுவாக அருகில் வந்தார்.

"கருப்பனுக்காவா?"

"ஆமாங்க மூப்பரே."

"இவ என்னா பண்ணா?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அவரு மட்டும் என்னா பண்ணாரு?"

அவர் தலை குனிந்தது. என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்.

"சுவருக்கு வெளிய வந்து, மொதல்ல அவருக்குப் பாடுங்க. அப்புறம் தனத்துக்கு நான் எடுக்கறேன்."

மூப்பரின் மூத்த மகன் முறைத்தான். இருசப்பன் அவனைத் தள்ளிவிட்டு நடந்தார். பெட்டியை வேப்பமர நிழலில் வைத்துவிட்டுச் சபையே பின்னால் போனது. முள்ளை விலக்கி, மேடு அமுங்கிப்போன அந்த மண்ணைச் சுற்றி நின்றார்கள். மணியம்மாள் தேடிப் பிடித்தது ஏழு சரணம் உள்ள பாட்டு. இந்த முறை எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி இறக்கி எடுத்தார். மூன்றாவது சரணத்தில் வியர்த்து வழிய, மூப்பர் முடிக்கப் பார்த்தார்.

"இன்னும் நாலு இருக்குதுங்க."

வார்த்தை தெரியாத இடத்திலெல்லாம் மணியம்மாள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். மூப்பர் திருப்பிச் சொன்னார். ஏழும் முடிந்ததும், தன் கணவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கள் என்றார் மணியம்மாள். "கருப்பன்" என்று சொல்லும்போது இருசப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மணியம்மாள் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தனத்துக்குப் பாட்டெடுக்க முதல் ஆளாகத் திரும்பி நடந்தார்.