கீழ்த்தட்டு இதழ்

கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் 'ஜர்னல் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, சந்தா கட்டிய இதழ் வராவிட்டால் ஏஜென்டுக்குப் போன் போட்டு மல்லுக்கட்டுவதுதான் வேலை. "அனுப்பியாச்சு சார், வந்துடும்" என்பான் அவன். எப்போதும் அதே பாட்டுத்தான். மார்ச் இதழ் வரவே வராது, மே இதழ் இரண்டு பிரதி வந்து நிற்கும். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவருக்கு வெறுத்துப்போகும்.

அதிலும் மண்ணியல் இதழ் அவர் உயிரை வாங்கியது. வராமல் போன ஒரு பிரதிக்காக, மண் பரிசோதனைக் கூடத்து அம்மா ஓயாமல் வந்து நின்றாள்.

"வந்துடுச்சாண்ணே? புதுப் பரிசோதனை முறை ஒண்ணு அதுலதான் இருக்கு. அது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

"வந்தா சொல்ல மாட்டேனாம்மா?"

கேட்பதோடு சரி, ஒருநாளாவது எடுத்துப் படித்திருப்பாளா என்று உள்ளுக்குள் முணுமுணுத்தார். படிப்பறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது: 'படித்த இதழை மேசையிலேயே விட்டுச் செல்லவும்.' ஏன் என்று எழுதவில்லை. சாயங்காலம் மேசையில் கிடப்பதைத்தான் யாரோ படித்ததாகக் கணக்கில் ஏற்றுவார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து ஒவ்வொன்றாக அடுக்குவார். மண்ணியல் இதழ் வருஷம் முழுக்க மேசைப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமை நூலகர் கூப்பிட்டார். "ஒரு சந்தாவை நிறுத்தியே ஆகணும். எதை நிறுத்தலாம்?"

"மண்ணியலை நிறுத்திடுங்க சார். அதை யாரும் தொடுறதே இல்ல."

சொன்னதும், அப்பாடா, ஒரு தொல்லை விட்டது என்றிருந்தது. அன்றைக்கே கடிதமும் போய்விட்டது.

வேடிக்கையைப் பாருங்கள், அடுத்த வாரமே வராமல் போன அந்தப் பிரதி மூலை நசுங்கி வந்து சேர்ந்தது. போனில் சொன்னதுதான் தாமதம், கழுவிய கையின் ஈரம்கூடக் காயாமல் அந்த அம்மா ஓடி வந்தாள். உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள், குறிப்பெடுத்தாள். எழுந்து நேராகக் கீழ்த்தட்டுக்குப் போய், குனிந்து, வரிசை பிசகாமல் இதழைச் செருகினாள்.

"அட, மேசையிலேயே விட்டிருக்கலாமேம்மா!"

"உங்க முழங்கால் படுற பாடு தெரியாதாண்ணே? கீழ்த்தட்டு வேற. மத்தியானம் மத்தியானம் வந்து படிப்பேன், எப்பவும் நானேதான் வெச்சுட்டுப் போவேன்."

அடப்பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று தலைமை நூலகரிடம் ஓடினார். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன கடிதம் போனதுதான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

திரும்பி வந்தால், அவள் இன்னும் போகாமல் நின்றிருந்தாள்.

"மிச்சம் அடுத்த இதழ்ல வருமாம். எப்பண்ணே வரும்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அனுப்பியாச்சும்மா, வந்துடும்" என்றார்.