முதல் ஷாட்டில் நல்ல வார்த்தை

மைசூரில் எங்கே படப்பூஜை நடந்தாலும் கிளாப் அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரனாம். நான் கிளாப் அடித்த அடுத்தவன் படமெல்லாம் ஓடியது. நானே தயாரித்ததெல்லாம் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை காணாமல் போனது.

ரயில்வேயில் சேருடா என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கேட்டேனா? சென்னையிலிருந்து பாட்டு எடுக்க வரும் யூனிட்டுகளுக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டினேன். பிறகு லொகேஷன் பார்த்துக் கொடுத்தேன், சீரியல் டப்பிங், பட்டுப்புடவை விளம்பரம், கடைசியில் தயாரிப்பாளர். படம் படுத்தால் மறுபடி கல்யாண வீடியோ. வெட்கம் பார்த்தால் அடுப்பெரியாது.

ஒருத்தி என்னிடம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துப் பெண். தனியாகப் போய், தன் ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து ஒரு படம் தயாரித்தாள். அது வெளிநாட்டு விழாவுக்கெல்லாம் போனது. போய்ப் பார்த்தேன். பிரமாதமான படம். அதுதான் வயிற்றெரிச்சலே. மட்டமாக இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்து, பெரிய மனுஷனாக நாலு யோசனையும் சொல்லியிருப்பேன்.

"படம் பாத்தீங்களாண்ணா?" என்று போனில் கேட்டாள்.

"எங்கேம்மா, நேரமே இல்ல" என்றேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

போன மாதம் அடுத்த படத்தின் பூஜைக்கு அழைக்க வந்தாள். "நீங்க கட்டாயம் வரோணுங்ணா."

மனசு துள்ளியது. எத்தனை விழாவுக்குப் போனால் என்ன, என் கை வேண்டியிருக்கிறதே! வெள்ளைச் சட்டையை எடுத்து நானே இஸ்திரி போட்டேன்.

சாமுண்டி மலை அடிவாரத்தில் பூஜை. தேங்காய் உடைத்து, கேமராவுக்குப் பொட்டு வைத்ததும் வழக்கம்போல் கையை நீட்டினேன். கிளாப் பலகையை அவள் விடவில்லை.

"நீங்க கேமராவுக்கு முன்னால நில்லுங்ணா. கதையில ஒரு பழைய தயாரிப்பாளர் வர்றாரு. அவருதான் முதல் ஷாட்டு."

பழையவராம். என் ராசிகூட இவளுக்கு வேண்டாம். எரிந்துகொண்டு வந்தது. யூனிட் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்ததால் போய் நின்றேன்.

முதல் ஷாட்டில் அழுகை, சாவு, சண்டை எதுவும் கூடாது. நல்ல வார்த்தைதான் பேச வேண்டும். சினிமாக்காரர்கள் இதில் விளையாட மாட்டோம். டைரக்டர் என் வசனத்தைச் சொன்னார்: "உன் படத்தைப் பார்த்தேம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

இதை யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் பலகையை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். சிரிக்கவில்லை. அடித்துவிட்டு விலகினாள்.

சொன்னேன்.

"ஓகே" என்றார் டைரக்டர். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலுக்குப் போனார்கள். கேமராவையும் நிறுத்தியாகிவிட்டது.

அவள் மட்டும் பலகையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்ணா" என்றாள்.