கூட உட்காருகிறவள்

குழலி வீட்டைவிட்டு ஓடிப்போனாள் என்று எங்கள் தெருவில் நாலு பேர் பேசுகிறார்கள். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. ஒரே ஒரு ராத்திரி வெளியே தங்கினாள். கூட நான் இருந்தேன், எங்கள் தெருப் புவனேஸ்வரி இருந்தாள். பார்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலவார்குழலி என்பது முழுப்பெயர். எங்கள் காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயர். பதினெட்டு வயதில் கலியாணசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த மறுவாரமே தறியில் உட்கார்ந்தவள்தான், முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. எங்கள் ஊர்க் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அவர் புடவையின் உடலுக்கு இழை ஓட்டுகிற நாடாவை விட்டால், அந்தப் பக்கத்துக் கரைக்கு இவள் நாடா விடவேண்டும். இரண்டு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் கரை நிற்கும். இவள் எழுந்தால் தறி நின்றுவிடும். பிள்ளை பெற்ற மாதமே தூளியைத் தறிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்படிப்பட்டவளை, புடவை பார்க்க யாராவது வந்தால் அவர் என்ன சொல்வார் தெரியுமா?

“நான்தான் நெய்யிறேன். அவ சும்மா கூட உக்காருவா.”

கெட்ட மனுஷர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அந்த வார்த்தையை விடவும் மாட்டார். குழலி தலையைக் குனிந்து இழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பூ கொடுக்கப் போகிற எனக்குத்தான் வயிறு எரியும்.

போன தை மாதம் வாலாஜாபாத்தில் புவனேஸ்வரியின் உறவில் ஒரு கல்யாணம். மூன்று பேரும் காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்புவதாகப் பேச்சு. திரும்பக் கிளம்புகிற நேரத்தில் புவனேஸ்வரியின் அக்கா மகன் வேல்முருகன் வந்தான். கல்யாணத்துக்கு வந்த சென்னைக்காரர்களுக்காக ஏரிக்கரை ரிசார்ட்டில் அறை போட்டிருந்தானாம். அவர்கள் தாலி கட்டியதும் கார் ஏறிப் போய்விட்டார்கள். அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது, நீங்கள் போய் இருந்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றான். மாற்றுப் புடவைகூட இல்லை. புவனேஸ்வரி அவன் கொண்டுவந்த வேனில் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். குழலி மட்டும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதிப் புடவை தறியில் இருந்தது.

“ஏறுடி. ஏரி ஒண்ணும் உன்ன முழுங்கிடாது” என்றேன். ஏறினாள்.

ரிசார்ட் என்றால் கீற்றுக் கூரை போட்ட நாலு அறை, தண்ணீரில் நாலு படகு. வாசல் மேசையில் சந்தியா என்று ஒரு பெண், பேர், ஊர், தொழில் எல்லாம் கேட்டு நோட்டில் எழுதினாள். நான் பூ வியாபாரம் என்றேன். குழலியின் முறை வந்தபோது புவனேஸ்வரி முந்திக்கொண்டு, “அவங்க வூட்லதாம்மா இருக்கறாங்க” என்றாள். அந்தப் பெண்ணும் பேனாவை வைத்துவிட்டாள்.

“நெசவு” என்றாள் குழலி. “நெசவாளின்னு எழுதும்மா.”

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மேசையைவிட்டு நகர்ந்தாள்.

நாலு மணிக்குக் கலியாணசுந்தரம் போன் செய்தார். முகூர்த்தப் புடவை, வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும், உடனே பஸ் ஏறு என்று சத்தம் போட்டார். எங்களுக்கும் கேட்டது. குழலி ஏரியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“நீங்கதான நெய்யிறீங்க. நான் சும்மா கூட உக்காருறவதான. நெய்ங்க.”

போனை வைத்தாள். அந்த வேகத்தில் பக்கத்திலிருந்த டீ புடவையில் கொட்டியது. துடைத்துக்கொண்டு இன்னொரு டீ கேட்டாள்.

ஆறு மணிக்கு மறுபடியும் போன். மருமகளை உட்காரவைத்துப் பார்த்தாராம், கரை விட்டுப்போய் இழை அறுந்துவிட்டதாம். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு அதுவரை பொறுக்கவில்லை. விடிந்ததும் பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கலியாணசுந்தரம் சம்சாரம் எங்கே என்று சந்தியாவைக் கேட்டார். அப்படி யாரும் இல்லையே என்று அவள் நோட்டைப் புரட்டினாள்.

“காஞ்சிபுரத்துலேர்ந்து நெசவாளி ஒருத்தங்க வந்திருக்காங்க சார். அவங்களா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குழலி அப்போது காலால் மிதித்து ஓட்டுகிற படகில் இருந்தாள். புவனேஸ்வரிக்குத் தண்ணீர் என்றால் பயம். அதனால் பக்கத்து இருக்கை காலி. இவர் கரையில் நின்று, இறங்கு, போகலாம் என்று கையை ஆட்டினார். அவள் படகைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கவில்லை.

“ஏறுங்க. நான் மிதிக்கிறேன். நீங்க சும்மா கூட உக்காருங்க.”

படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கலியாணசுந்தரம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒரு சுற்று சுற்றினாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து புடவை பார்க்க வந்தார்கள். நானும் பூ கொடுக்கப் போயிருந்தேன். பழக்கதோஷம், “நான்தான் நெய்யிறேன், அவ...” என்று ஆரம்பித்தார். குழலி நாடாவைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். தறி ஏன் நின்றது என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

“அவளும் நெய்யிறா” என்றார்.

குழலி கையை எடுக்கவில்லை.

“ரெண்டு பேரும் நெய்யிறோம்மா” என்றார் வந்தவர்களிடம்.

அப்புறம்தான் நாடாவை எடுத்தாள்.